பிரஷ் கோடு யாருடைய பிழை?

இந்த மாதம் வேறொரு விடயம் எழுத நினைத்திருந்தேன். ஆனால், வந்த கடிதங்களில் ஒன்று இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

எழுதியவர் கண்டிக்கு அருகில் பெயின்ட் வேலைக்குப் போகும் ஒரு தங்கை. 2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னியிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் உறவினர் வீட்டுக்கு வந்தவர். கணவர் இல்லை. ஆடி மாதத்தில் திகனைப் பக்கம் ஒரு புது வீட்டின் மண்டபச் சுவரை நான்கு நாட்கள் நின்று அடித்திருக்கிறார். எமல்ஷன் பெயின்ட். காய்ந்த பின் மின்விளக்கைப் போட்டதும் சுவர் முழுவதும் பிரஷ் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தனவாம். கொந்தராத்துக்காரர் வந்து பார்த்து, “பொம்பிளையின் கை இப்படித்தான்” என்று சொல்லி இரண்டு நாட் கூலியை வெட்டிவிட்டார். அடுத்த வீட்டு வேலைக்கும் கூப்பிடவில்லை. “அக்கா, பிழை என் கையில்தானா? அப்படியென்றால் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போகிறேன்” என்று முடித்திருக்கிறார்.

நல்ல வேளையாக, நடந்தவற்றை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. பிரைமர் அடிக்கவில்லை. அடித்தது பிற்பகலில்; காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். பிரஷ் கொந்தராத்துக்காரர் கொடுத்தது, பழையது, மயிர் தடித்தது. பெயின்ட்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி, இருந்த வாளியைக் கொண்டு மண்டபம் முழுவதையும் முடிக்கச் சொன்னார்கள். கோடு தெரியத் தொடங்கியதும் தங்கை பயந்துபோய் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார்.

என் பதில்: கடைசியாகச் சொன்ன ஒன்று மட்டுமே கையின் பிழை. மற்றவை சுவரின் பிழை, காற்றின் பிழை, வாளியின் பிழை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பெயின்ட் எப்படிச் சமப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோடு போடாத பிரஷ் கிடையாது. முப்பது வருடம் வேலை செய்த பெயின்ட் பாஸ் அடித்தாலும், பிரஷை எடுத்த அந்தக் கணத்தில் சுவரில் கோடு இருக்கும். உழுத வயலின் சால் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். நல்ல வேலை, கெட்ட வேலை என்ற வித்தியாசம் அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்களில்தான் உண்டாகிறது. அந்த நிமிடங்களில் பெயின்ட் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே நகர்ந்து மட்டமாகிறது. நாங்கள் செய்ய வேண்டியது, அது நகர்ந்து முடியும் வரை ஈரமாக இருக்க விடுவது.

எது அதை நகர்த்துகிறது? பாரம்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாரம் என்றால் நிமிர்ந்து நிற்கும் சுவரில் பெயின்ட் கீழேதானே போக வேண்டும்? சீலிங்கில் அடித்த பெயின்ட்டின் கோடும் மறைகிறதே, அங்கே பாரம் பெயின்ட்டைச் சீலிங்கிலிருந்து பிரித்துக் கீழே அல்லவா இழுக்கிறது! மெல்லிய பூச்சில் பாரத்தின் வேலை மிகக் குறைவு. அது கூடினால் வருவது ஒழுகல்; கண்ணீர் மாதிரி கீழே வடிந்து காய்ந்து நிற்கும்.

உண்மையில் வேலை செய்வது நீரின் மேற்பரப்பு இழுவிசை. மழை விட்டதும் சேம்பிலையைப் பாருங்கள். தண்ணீர் பரவாமல் உருண்டையாக நிற்கும். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. மேடு பள்ளமான பரப்பு, மட்டமான பரப்பைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் சிறிதாக்க அந்தத் தோல் மேட்டை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட பெயின்ட் பள்ளத்துக்குள் போகிறது. இதற்கு எதிராக நிற்பது பெயின்ட்டின் தடிப்பு, அதாவது கூழ்த்தன்மை. இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் தண்ணீர் காய்வதற்கு முன் எது வெல்கிறது என்பதுதான் கேள்வி.

1960களின் தொடக்கத்தில் ஓச்சார்ட் என்ற ஆய்வாளர் இந்த இழுபறிக்கு ஒரு கணக்கு எழுதினார். பெயின்ட் கம்பனிகளின் ஆய்வுகூடங்களில் இன்றும் அதுதான் அடிப்படை. முழுக் கணக்கும் எங்களுக்குத் தேவையில்லை. இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம். அது இரண்டு மடங்கானால் சமப்பட எடுக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. இரண்டை நான்கு தரம் பெருக்க வேண்டும், பதினாறு மடங்கு ஆகிறது! மெல்லிய மயிருள்ள பிரஷ் நெருக்கமான கோடு போடும், அது சட்டென்று மறையும். தடித்த, ஒட்டிக்கொண்ட, பழைய மயிர் அகலமான கோடு போடும். முதலாவது அரை நிமிடத்தில் மறைந்தால் இரண்டாவதுக்கு எட்டு நிமிடம் வேண்டும். எட்டு நிமிடத்துக்கு எந்தச் சுவர் ஈரமாக இருக்கப் போகிறது?

மற்றது, பூச்சின் தடிப்பு. அதைப் பாதியாக்கினால் நேரம் எட்டு மடங்கு கூடும். இதை வாளிக் கணக்கில் பாருங்கள். ஒரு லீற்றர் பெயின்ட்டைப் பத்துச் சதுர மீற்றரில் பரப்பினால் ஈரப் பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. அதே லீற்றரை இருபது சதுர மீற்றருக்கு இழுத்தால் தடிப்பு பாதி. சமப்பட எட்டு மடங்கு நேரம் கேட்கும் அதே பூச்சு, மெல்லியதாக இருப்பதால் முன்னையதைவிடக் கெதியாகக் காய்ந்தும் விடும். “இழுத்து அடி, பெயின்ட் மிச்சம் பிடி” என்று சொல்பவர் கோட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குகிறார். பிறகு அதைக் கோடு என்று சொல்லிக் கூலியை வெட்டுகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் காய்வதற்கு வருவோம். தோசை சுடாத பெண் எங்களில் யார்? மாவை ஊற்றி அகப்பையால் சுற்றும்போது வளையம் வளையமாகக் கோடு விழும். கல் அளவான சூட்டில் இருந்தால் அந்த வளையங்கள் அரைவாசி அமுங்கிப் போகும். கல் அதிகமாகச் சுட்டிருந்தால் அகப்பை போன வழியெல்லாம் அப்படியே இறுகி நிற்கும். அதே மாவு, அதே அகப்பை, அதே கை. கல் மட்டும் வேறு. வெயில் பட்ட சுவர் என்பது சூடேறிய தோசைக்கல்தான்.

தோசைக்கல்லுக்கு இல்லாத இன்னொரு குணமும் சுவருக்கு உண்டு. அது தண்ணீரைக் குடிக்கும். எமல்ஷனில் உள்ள தண்ணீர் ஒரு பக்கம் காற்றுக்குப் போகிறது, மறு பக்கம் சுவருக்குள் போகிறது. தண்ணீர் முழுவதும் போகும் வரை பெயின்ட் நகர்ந்துகொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். பெயின்ட்டுக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினாலே நகர்வு நின்றுவிடும். அப்போதும் கைக்கு ஈரமாகத்தான் இருக்கும். ஆகவே ‘இன்னும் ஈரம்தானே’ என்று நினைத்துத் திரும்ப இழுத்தால், போட்ட கோடு இனிப் போகாது. எங்கள் தங்கைக்கு நடந்தது இதுதான். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கஷ்டம்தான்!

அந்த மணிகள் எவை என்று கேட்பீர்கள். கேகாலைப் பக்கமோ மாத்தளைப் பக்கமோ இறப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சிரட்டையில் வடியும் இறப்பர் பால் வெள்ளையாக, தண்ணீர் மாதிரி இருக்கும். அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இறப்பர் உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன. கையில் பட்டுக் காய்ந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக உரிந்து வரும். பிறகு தண்ணீரில் கழுவினாலும் கரையாது. எமல்ஷன் பெயின்ட்டும் இதே மாதிரிப் பால்தான். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஐயாயிரம் அளவில் வரிசையாக அடுக்கக்கூடிய சின்ன பிளாஸ்டிக் மணிகள் தண்ணீரில் மிதக்கின்றன, நிறப் பொடியோடு சேர்ந்து. தண்ணீர் போனதும் அவை நெருங்கி, நசுங்கி, ஒன்றாக உருகியது போல இணைகின்றன. அதனால்தான் தண்ணீர் கலந்து அடித்த பெயின்ட் காய்ந்த பின் மழைக்குக் கரைவதில்லை.

இந்தப் பெயின்ட் பிறந்ததும் ஒரு யுத்தத்தின் பின்விளைவாகத்தான். 1942இல் ஜப்பான் மலாயாவையும் இந்தோனேசியத் தீவுகளையும் பிடித்தபோது நேச நாடுகளுக்கு இறப்பர் கிடைக்காமல் போயிற்று. மிஞ்சிய பெரிய இறப்பர் நாடு இலங்கைதான். மரங்களை வதைத்துப் பால் எடுத்தார்கள். அந்த யுத்தத்தின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் எங்கள் பேராதனைப் பூங்காவுக்கே வந்திருந்தது. அமெரிக்கர்கள் இரசாயனத்தில் செயற்கை இறப்பர் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தச் செயற்கை இறப்பர்ப் பாலை வைத்து 1940களின் இறுதியில் தண்ணீரில் கரைக்கும் வீட்டுப் பெயின்ட் விற்பனைக்கு வந்தது. இன்று நல்ல எமல்ஷன்களில் இருக்கும் அக்ரிலிக் பால், பெயின்ட்டுக்கென 1953இல் வந்தது.

தண்ணீரில் கரைத்த வர்ணம் கண்டிக்கு அதற்கும் மிக முந்தியது. லேவெல்லைப் பாலத்தைக் கடந்து போனால் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்கே உள்ளன. அக்காலத்துக் கண்டி ஓவியர்களின் வேலை முறையை எங்கள் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான தமது நூலில் பதிந்து வைத்திருக்கிறார். மண் பூச்சின் மேல் மக்குல் என்னும் வெள்ளை மண்ணை மெல்லியதாகப் பூசுவார்கள். நிறப் பொடிகளுக்கு விளா மரத்துப் பிசினைத் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பார்கள். பிசின் செய்த வேலையை இன்று பிளாஸ்டிக் மணி செய்கிறது, அவ்வளவுதான். அந்த ஓவியங்களின் சிவப்புப் பின்னணி நிழல் காட்டாமல், ஒரே சீராக நிரப்பியது. நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தச் சிவப்புக்குக் கீழே முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள். எங்கள் பிரைமர் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் அது.

சுண்ணாம்பு வேறு சாதி. திகனையிலும் மாத்தளையிலும் சூளையில் சுட்டு வரும் சுண்ணாம்பை நீலம் போட்டுக் கரைத்துத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்துச் சுவருக்கு அடித்தவர்களுக்குத் தெரியும், அது அடிக்கும்போது தண்ணீராக இருக்கும், ஒன்றும் தெரியாது, காய்ந்த பின்தான் வெளுக்கும். அது காற்றில் உள்ள கரியமிலவாயுவை எடுத்துத் திரும்பக் கல்லாகிறது. அதில் மணியும் இல்லை, படலமும் இல்லை. சுண்ணாம்புக்குப் பழகிய கை எமல்ஷனையும் அதே மாதிரி முன்னும் பின்னும் தேய்க்கப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

இனி இடத்தையும் காலத்தையும் பற்றி. நாங்கள் பல ஊர்களிலிருந்து வந்து இங்கே சேர்ந்திருக்கிறோம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழகிய வேலை நேரம் கண்டி நகருக்குப் பொருந்தாது. கண்டி நகரும் பேராதனையும் ஈரமான இடம். காற்றில் ஏற்கெனவே நீர் இருப்பதால் பெயின்ட் மெதுவாகக் காயும். கோடு மறைவதற்கு அது நல்லது. ஆனால், தடிப்பாக அடித்தால் ஒழுகும். அதே கண்டி மாவட்டத்தில் தும்பறைப் பள்ளத்தாக்கு, அதாவது திகனை, தெல்தெனியாப் பக்கம், மலைக்கு மறுபுறம் இருப்பதால் ஆனி, ஆடி மாதங்களில் மழை குறைந்து காற்று வீசும். காய்ந்த காற்று. நகரத்தில் மழைத்தூறலில் வேலை செய்துவிட்டுப் பத்து மைல் கிழக்கே போனால் வன்னியில் நிற்பது மாதிரி இருக்கும். கடிதம் எழுதிய தங்கை அந்தக் காற்றுக்கு எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் அடித்திருக்கிறார்.

திகனையில் ஆடி மாதம் வேலை என்றால் காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். வெயில் எந்தச் சுவரில் படுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ச் சுவரை முதலில் அடியுங்கள். வெயிலின் பின்னால் போகக்கூடாது, நிழலின் பின்னால் போக வேண்டும். காற்று நேரே அடிக்கும் பக்கத்து ஜன்னலை அடிக்கும் நேரம் சாத்தி வையுங்கள். சுவர் முடிந்து அரை மணித்தியாலம் ஆனதும் எல்லாவற்றையும் திறந்து விடலாம். எனாமலுக்கு இப்படிச் செய்யாதீர்கள். அதில் உள்ள டினர் மணம் அடைந்த அறையில் தலையைச் சுற்ற வைக்கும். தண்ணீர்ப் பெயின்ட்டுக்குத்தான் இந்த யோசனை. அதுவும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறு. பிற்பகல் மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச் சுவரை மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும். முழுதும் காயாத பூச்சில் மழையோ பனியோ பட்டால், பெயின்ட்டில் இருக்கும் சவர்க்காரம் போன்ற சேர்மானங்கள் வெளியே வந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக வடியும். வீட்டுக்காரர் பார்த்தால் பெயின்ட் கரைகிறது என்று சத்தம் போடுவார். அது பெரும்பாலும் இரண்டு மூன்று மழையில் கழுவுப்பட்டுப் போய்விடும், உடனே மேலே பூச வேண்டாம்.

நுவரெலியாப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். தை மாதக் காலையில் அங்கே சுவர் ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் குளிரில் மணிகள் மெத்தென்று நசுங்காது. தண்ணீர் போனாலும் ஒன்றாக இணையாமல் பொடியாக, வெடிப்பாக நிற்கும். வெயில் ஏறி, சுவரில் கை வைத்தால் குளிர் அடங்கியிருக்கும்போது தொடங்குங்கள்.

புதுச் சுவருக்குப் பொறுமை வேண்டும். சீமெந்துப் பூச்சுக்கு நான்கு கிழமையாவது கொடுக்க வேண்டும். இரண்டு கிழமைச் சுவர் வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரமும் காரமும் இருக்கும். காரம் வர்ணத்தை வெளுக்கச் செய்யும். வெளிப்பக்கம் காய்ந்திருப்பதால் பெயின்ட்டின் தண்ணீரைக் கடற்பஞ்சு மாதிரி உறிஞ்சும். அதனால்தான் முதலில் பிரைமர் அடித்துத் தாகத்தை அடக்க வேண்டும் என்கிறோம். பில்லர் வைத்த இடங்கள் மற்ற இடத்தை விடக் கூடக் குடிக்கும். அங்கே பிரைமர் இரண்டு தரம். சுவர் குடிக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஈரக் கையை வைத்து எடுங்கள். கையடையாளம் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்தால் தாகமான சுவர். ஒரு நிமிடம் நின்றால் நல்ல சுவர்.

தண்ணீர் எவ்வளவு கலப்பது? தகரத்தில் எழுதியிருக்கும். எழுத்து விளங்காவிட்டால் கடையில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளவுக்கு மேல் தண்ணீர் விட்டால் கோடு மறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓரளவு உண்மைதான், கூழ்த்தன்மை குறைந்தால் நகர்வு சுலபம். ஆனால், தண்ணீரோடு சேர்ந்து மணியும் நிறமும் நீர்த்துப் போகும். பழைய நிறம் கீழே தெரியும், பூச்சு ஒழுகும், கையில் மாவு மாதிரி ஒட்டும். பிறகு மூன்றாம் தரம் பூச வேண்டி வந்தால் மிச்சம் பிடித்தது என்ன? நல்ல பெயின்ட் கலக்கும்போது தடிப்பாகத் தெரிந்தாலும் பிரஷ் ஓடும்போது இளகும், பிரஷை எடுத்ததும் மெல்ல மெல்லத் திரும்பத் தடிக்கும். மிக விரைவாகத் தடித்தால் கோடு நிற்கும், தாமதமானால் ஒழுகும். அந்தச் சமநிலையைக் கம்பனியில் பார்த்துத்தான் அடைத்திருக்கிறார்கள். மலிவான சில வாளிகளில் அது சரியாக இருப்பதில்லை என்பதும் உண்மை. அவற்றை எந்தக் கை அடித்தாலும் கோடு வரும்.

பிரஷ் வாங்கும்போது தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு நைலோன் மயிர்ப் பிரஷைக் கேளுங்கள். பன்றி மயிர் எனாமலுக்கு நல்லது, தண்ணீரில் ஊறினால் சோர்ந்து போகும். சொந்தப் பிரஷ் ஒன்று வைத்திருப்பது ஒரு நாட் கூலியின் சிறு பகுதிதான். ஆனால், மற்றவர் தரும் தேய்ந்த பிரஷுக்காகப் பேச்சுக் கேட்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அடிமயிர் வரை கழுவித் தொங்க விடுங்கள். பழைய நைலோன் துணியால் பெயின்ட்டை வடித்து எடுப்பதும் நல்லது.

அடிக்கும் முறை இது. மூன்று நான்கு அடி அகலமான ஒரு துண்டை எடுங்கள். பெயின்ட்டைத் தாராளமாக வையுங்கள், பரப்புங்கள், கடைசியில் பிரஷின் நுனியால் மட்டும் மேலிருந்து கீழாக, பாரம் கொடுக்காமல், ஒரே பக்கமாக ஒரு தரம் தடவி விடுங்கள். பிறகு அந்தத் துண்டை மறந்துவிடுங்கள். அடுத்த துண்டை அடித்து, அதன் ஓரத்தை முதல் துண்டின் ஈர ஓரத்தில் கொண்டு வந்து முடியுங்கள். ஓரம் காய்ந்துவிட்டால் இரண்டு பூச்சு ஏறிய பட்டை தெரியும். இதற்காகத்தான் பெரிய சுவருக்கு இரண்டு பேர் வேண்டும் என்கிறேன். ஒருவர் மூலையையும் ஓரத்தையும் பிரஷால் வெட்டிக்கொண்டு போக, மற்றவர் பின்னாலேயே ரோலரில் வரலாம். ரோலர் கோடு போடாது, ஆனால் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி போடும். ரோம நீளம் குறைந்த ரோலரில் அது குறையும்.

கோடு விழுந்து காய்ந்துவிட்ட சுவரை என்ன செய்வது? மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் மறையாது. கோட்டின் மேல் கோடாகத் தெரியும். நன்றாகக் காய விட்டு, மென்மையான சாண்ட்பேப்பரால் மேட்டை மட்டும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். இது உள்ளே எமல்ஷன் அடித்த புது வீட்டுக்குச் சொல்வது. கண்டியில் பழைய வீடுகள் நிறைய. அவற்றின் கதவு, ஜன்னல், சுவரின் கீழ்ப்பட்டை ஆகியவற்றில் பழைய எனாமல் இருந்தால் உலர் நிலையில் தேய்க்கவே கூடாது. பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கலாம். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள், வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

கூலி விடயத்துக்கு வருகிறேன். கோடு தெரிந்த பிறகு வாதாடுவது கஷ்டம். சுவர் எல்லோருக்கும் தெரியும். காற்றும் வெயிலும் போய்விட்டிருக்கும். ஆகவே ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீடு, திகதி, தொடங்கிய நேரம், சுவர் பூசி எத்தனை கிழமை, பிரைமர் அடித்ததா, எத்தனை லீற்றர் பெயின்ட், எவ்வளவு தண்ணீர், எத்தனை சதுர மீற்றர் என்று எழுதுங்கள். சுவரின் நீளத்தை உயரத்தால் பெருக்கினால் சதுர மீற்றர் வந்துவிடும். தகரத்தில் ஒரு லீற்றருக்கு எவ்வளவு இடம் என்று எழுதியிருக்கிறதோ அதோடு ஒப்பிட்டு, பெயின்ட் போதாது என்றால் தொடங்குவதற்கு முன்னரே சொல்லுங்கள், கூட வேலை செய்பவர் கேட்கும்படி சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் நாள், வீட்டுக்காரரையும் கொந்தராத்துக்காரரையும் வைத்துக்கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஒரு மூலையில் ஒரு மீற்றர் சதுரத்தை அடித்துக் காட்டுங்கள். அவர்கள் தரும் பெயின்ட், அவர்கள் சொல்லும் தண்ணீர். காய்ந்த பிறகு டோர்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மூவரும் பாருங்கள். கோடு தெரிந்தால் பிரைமரா, பிரஷா, நேரமா, எதை மாற்றுவது என்று அங்கேயே பேசி முடிவு செய்யலாம். சரியென்று அவர்கள் சொன்னால் அந்தச் சதுரத்தின் ஓரத்தில் பென்சிலால் திகதியைப் போட்டு, மற்றச் சுவர்கள் எல்லாம் முடியும் வரை அதன் மேல் பூசாமல் விட்டு வையுங்கள்.